பூவிலேயே விலை பேசாதீர்கள், தம்பிகளா

காவேரிப்பட்டணம், 27.2.2023

வெள்ளிக்கிழமை கேரளாவோடு நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்கு, பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்கு வேன் பேசியிருக்கும் தம்பிகளுக்கு,

நேற்று சாயங்காலம் மகளின் அட்டை ஒன்றை லேமினேஷன் போட பிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நீலப் பின்னணி. நடுவில் பெங்களூரு எஃப்சி கேப்டன் சுனில் சேத்ரி. அவர் காலடியில் நீங்கள் ஏழு பேர், எதெதிலிருந்தோ வெட்டி ஒட்டிய முகங்கள். ஒருவன் காதோரம் யாரோ வீட்டு கேட் இன்னும் தெரிகிறது. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ‘2023 சாம்பியன்’. ஓரத்தில் மஞ்சளில் ‘எட்டுக்கு எட்டு’. பத்துக்கு ஆறு அடியாம். முன்பணமும் கொடுத்தாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை விடிகாலையில் ரவுண்டானாவில் கட்டிவிட்டுத்தான் வேன் ஏறுவீர்கள் என்றார்.

ஐஎஸ்எல்லில் லீக் சுற்றுதான் முடிந்திருக்கிறது. கோப்பையை முடிவு செய்கிற பிளேஆஃபில் இன்னும் ஒரு பந்துகூட உதைபடவில்லை. அதற்குள் சாம்பியன்.

நேரில் சொன்னால் பாதியிலேயே “அண்ணா, நீங்க சும்மா இருங்கண்ணா” என்று வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பெங்களூரு எஃப்சி மேல் ஆசை உண்டு. சென்னை அணி இருக்கும்போது இது என்ன கர்நாடகப் பாசம் என்று என் மைத்துனன் இன்றைக்கும் கேட்கிறான். அவன் இருப்பது ஆவடியில், அவனுக்கு அது சரி. நமக்கு பெங்களூரு நூறு கிலோமீட்டர், சென்னை அதைப்போல இரண்டரை மடங்கு. சாயங்கால ஆட்டம் பார்த்துவிட்டு சாந்திநகரில் பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி தாண்டி விடிவதற்குள் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றலாம். பாசம் பாதி, பஸ் பாதி.

கடந்த டிசம்பர் 23 அன்றும் அப்படித்தான் போனேன். உங்களில் ஒருவரும் வரவில்லை. “அந்த டீமுக்கெல்லாம் யாருண்ணா டிக்கெட் எடுப்பா” என்று சொன்னது யார் என்று பெயர் போட மாட்டேன், அவனுக்கே தெரியும். அன்றைக்கு ஹைதராபாத்தோடு ஆட்டம். கண்டீரவாவில் களத்துக்கும் நமக்கும் நடுவே ஓட்டப்பாதை ஒன்று படுத்திருக்கும், தெரியுமல்லவா. சில நாள் அந்தச் செம்மண் நிறப் பட்டை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அன்று அது ஏரி மாதிரி அகலமாகத் தெரிந்தது. நம் ஆட்கள் அக்கரையில் யாருக்கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். 0-3. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டாவது கோலுக்கே மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி வேறு மூடவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடமும் 1-2. அந்த இடத்தில் கணக்கை நிறுத்திப் பாருங்கள். 12 ஆட்டம். 3 வெற்றி, 1 டிரா, 8 தோல்வி. 10 புள்ளி. அடித்தது 8 கோல், வாங்கியது 17. அந்தப் பன்னிரண்டில் ஆறு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மும்பையில் போய் 0-4 வாங்கினோம்.

பிறகுதான் ஜனவரி. நார்த் ஈஸ்டை 2-1, ஒடிசாவை 3-1, ஜாம்ஷெட்பூரை 3-0, என் மைத்துனனின் சென்னையை 3-1, மோகன் பகானை கொல்கத்தாவிலேயே 2-1, கேரளாவை 1-0, மும்பையை 2-1, போன வியாழக்கிழமை கோவாவை 3-1. எட்டுக்கு எட்டு. 19 கோல் அடித்து 6 வாங்கினோம். 34 புள்ளியோடு நான்காவது இடம்.

இந்த எட்டை மட்டும் எடுத்து பிளெக்ஸ் அடித்திருக்கிறீர்கள். என் வாதம் என்னவென்றால், எட்டு என்ற எண்ணில் ஒன்றுமில்லை. அந்த எட்டுக்குள் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் ஊர்க்காரனுக்கு இதை மாந்தோப்பை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். நாலு வருடத்துக்கு முன்னால், இதே மாசி மாதம், சந்தூர் பக்கம் ஒரு தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசினேன். அத்தனையும் பெங்களூரா மரம் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்). இலையே தெரியாத பூ. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு மரம் வெளிர் மஞ்சள் போர்வை போர்த்தியது போல. கூழ் ஃபேக்டரி லாரி கேட்டில் நிற்பது மாதிரியே எனக்குத் தெரிந்தது. அப்பாவை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் மரத்தை அண்ணாந்தே பார்க்கவில்லை. கைக்கு எட்டிய ஒரு பூங்கொத்தை இழுத்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அரிசிக் குருணை அளவுக்கு ஆப்பு வடிவத்தில் நாலைந்து பூச்சி கையில் விழுந்து துள்ளி ஓடின. தத்துப்பூச்சி. கையை என் கையில் தேய்த்தார், பிசுபிசுவென்று ஒட்டியது. “எவ்வளவு குடுத்த?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் பேசவில்லை. அந்த மாதமே நாலு நாள் மூடுபனியும் சேர்ந்துகொண்டது. பூ கருகி, இலையெல்லாம் கரிப்பிடித்து, நான் அந்த வருடம் இறக்கிய காய் குத்தகைப் பணத்தில் பாதிக்குக்கூடத் தேறவில்லை.

ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கும். அதில் காயாகி நிற்பது ஒன்றோ இரண்டோ. எட்டு வெற்றி என்பது பூ. நான் இப்போது பார்க்க வேண்டியது கொத்தைத் தட்டினால் கையில் என்ன விழுகிறது என்பதைத்தான். தட்டிப் பார்க்கிறேன்.

யாரை ஜெயித்தோம்? இதில் எனக்கு நல்ல நம்பிக்கை வருகிறது. இந்த எட்டு பேரில் நாலு பேர் பிளேஆஃபுக்கு வந்திருப்பவர்கள்: ஒடிசா, மோகன் பகான், கேரளா, மும்பை. அதுவும் மும்பை 18 ஆட்டம் தோற்காமல் வந்த அணி, அவர்களின் முதல் தோல்வி நம் கையால். சோப்ளாங்கிகளை அடித்துச் சேர்த்த எட்டு இல்லை இது. இன்னொன்று, எட்டில் ஒரு ஆட்டத்தில்கூட ஒரு கோலுக்கு மேல் வாங்கவில்லை. கோல் அடிக்கிற அணி மாதத்துக்கு மாதம் மாறும். வாங்காத அணிதான் மார்ச் மாதத்துக்கு ஆகும். பின்னால் கோலி குர்பிரீத்தும் தடுப்பாளர் ஜிங்கனும் நிற்கும்போது இப்போதெல்லாம் எனக்கு கார்னர் கிக்குக்குக் கண்ணை மூடத் தோன்றுவதில்லை.

என்ன மாறியது? இதுதான் முக்கியம். தானாக அடித்த காற்றா, யாராவது பாய் கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர் சைமன் கிரேசன் 38 வயது சேத்ரியை பெஞ்சில் உட்கார வைத்தார். சேத்ரியை! இதை டிசம்பரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அவர் இடத்தில் ராய் கிருஷ்ணாவோடு சேர்த்து இறக்கியது நம் சிவசக்தியை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன், 21 வயது. செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதியில் இதே மும்பைக்கு எதிராக முதல் கோல் போட்டவன் அவன்தான், அந்தக் கோப்பை நம் அலமாரியில் இருக்கிறது. பந்து இல்லாதபோது அவன் ஓடுகிற ஓட்டத்தை டிவியில் பார்த்தால் தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். கேரளா ஆட்டத்தன்று நான் அவனை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். எதிரணி ஸ்டாப்பரை ஒரு நிமிடம் சும்மா நிற்க விடவில்லை, இப்படி இழுக்கிறான், அப்படி இழுக்கிறான். அவன் பிரித்துவிட்ட சந்தில்தான் கிருஷ்ணாவும் ஹாவி ஹெர்னாண்டஸும் விளையாடுகிறார்கள். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் களைத்துப்போன தடுப்பாளர் முன்னால் சேத்ரி வந்து இறங்குகிறார். எந்த அணி பெஞ்சில் அப்படி ஒரு ஆள் இருக்கிறார், சொல்லுங்கள்.

ஆக, இது காரணம் உள்ள எழுச்சி. வெறும் அதிர்ஷ்டத்தில் வந்தது அல்ல. கோப்பைக்கு நிஜமாகவே போட்டி போடும் அணியா என்று என்னைக் கேட்டால், ஆமாம் என்பேன். கூசாமல் சொல்வேன்.

ஆனால் பிளெக்ஸில் இருப்பது அந்தச் சொல் இல்லையே.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். உங்களில் பாதிப் பேர் அப்போது பிளஸ் டூ. சென்னையின் எஃப்சி அந்தப் பருவத்தில் டிசம்பர் வரை அடிமட்டத்தில் கிடந்தது. ஓவன் கோய்ல் வந்தார், அணி திமிறி எழுந்தது. வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியாக்காரன் தொட்டதெல்லாம் கோல். நான்காவது இடம் (நாம் இப்போது நிற்கும் அதே படி). அரையிறுதியில் லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை இங்கே 4-1, அங்கே 2-4, மொத்தம் 6-5 என்று தாண்டி இறுதிக்கே போய்விட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடையில் மீசையை முறுக்கிக்கொண்டு, ஜெயிக்காவிட்டால் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி என்று சொல்லிவிட்டேன். கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் ஆட்டம் நடந்தது. கொல்கத்தாவின் ஏடிகே 3, சென்னை 1. ஊரடங்கு வந்ததால் பிரியாணி தப்பியது. டீக்கடைக்காரர் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார்.

அந்தக் கொல்கத்தாவுக்கு அன்று இரண்டு கோல் அடித்தது யார்? ஹாவி ஹெர்னாண்டஸ். முன்வரிசையில் கேப்டனாக நின்றது யார்? ராய் கிருஷ்ணா. அன்றைக்கு என் வயிற்றில் அடித்த இரண்டு பேரும் இன்றைக்கு நம் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். இறுதி ஆட்டத்தை ஜெயித்த கால் என்பது சும்மா கிடைப்பதில்லை, அதுவும் இந்த அணியில் இருக்கிறது. பழைய கடுப்பை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், கிருஷ்ணா கேரளாவுக்கு அடித்த கோலோடு.

நீங்கள் உடனே 2015-ஐ இழுப்பீர்கள், தெரியும். அதே சென்னை பட்டியலின் அடியில் கிடந்து, கடைசியில் வரிசையாக ஜெயித்து மேலே வந்து, வெள்ளத்தால் சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவில் கோவாவையே 3-2 என்று சாய்த்துக் கோப்பை தூக்கியது. 90-வது நிமிடம் வரை 1-2 என்று பின்னால் இருந்தார்கள் அந்த இறுதியில். எதிரணி கோலி கையாலேயே ஒன்று உள்ளே போனது, அடுத்து மெண்டோசா ஒன்று. அப்படியும் நடக்கும். அந்த 90-வது நிமிடத்தில் ஃபடோர்டா மைதானத்துக்கு வெளியே எவனாவது கோவா சாம்பியன் என்று பிளெக்ஸ் கட்டியிருந்தால் அவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தைப் பற்றிப் பேசாமல் உங்களால் ஒரு டீ குடிக்க முடியாது, அதனால் அதுவும் ஒன்று. 2014-ல் லிவர்பூல் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது. கோப்பை கைக்கு வந்த மாதிரிதான். செல்சீ வந்து சொந்த மைதானத்தில் 0-2. கோப்பை மான்செஸ்டர் சிட்டிக்கு, இரண்டே புள்ளி வித்தியாசத்தில். ஜெரார்டு வழுக்கி விழுந்த வீடியோவை இன்றைக்கும் நீங்களே ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள்.

சரி, கொத்தைத் தட்டியதில் விழுந்த பூச்சிகளையும் சொல்லிவிட வேண்டும்.

எட்டில் நாலு ஆட்டம் ஒரே கோல் வித்தியாசம். அதில் மூன்று, பெரிய கைகளோடு: மோகன் பகான், கேரளா, மும்பை. ஒரு கோல் என்பது ஒரு பெனால்டி, ஒரு லைன்ஸ்மேன் கொடி. எட்டில் ஐந்து ஆட்டம் கண்டீரவாவில். வெள்ளிக்கிழமையும் அங்கேதான் என்பது நமக்கு லாபம், ஆனால் அதைத் தாண்டினால் அரையிறுதி மும்பையோடு, அதில் ஒரு ஆட்டமாவது மும்பையில் போய் ஆடித்தான் ஆக வேண்டும். நவம்பரில் நாலு வாங்கிய அதே புல்தரை. மும்பை கடைசியில் சறுக்கியிருக்கிறது என்கிறீர்கள். 20 ஆட்டத்தில் 54 கோல் அடித்து லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட அணி, எடுத்த பிறகு கொஞ்சம் கால் நீட்டியது. நாம் அடித்தது அதில் சரிபாதி, 27. அவர்கள் இப்போது காலை மடக்கி எழுந்து நிற்பார்கள்.

அப்புறம் ஹைதராபாத். போன வருடச் சாம்பியன். இந்தப் பருவத்தில் பிளேஆஃபுக்கு வந்தவர்களில் நாம் ஒருமுறைகூட ஜெயிக்காத ஒரே அணி. அங்கே 0-1, இங்கே அந்த ஸ்வெட்டர் இல்லாத ராத்திரி 0-3. எழுச்சி தொடங்கிய பிறகு நாம் அவர்களைச் சந்திக்கவே இல்லை. அதனால் எட்டு வெற்றியும் அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. இறுதியில்தான் மோத வேண்டி வரும், மோத வேண்டி வந்தால். இந்த ஒரு விஷயம்தான் எனக்கு ராத்திரியில் உறுத்துகிறது. கேரளாகூட இல்லை.

கேரளாவை ஏன் லேசாக விடுகிறேன் என்றால், அது ஒரே ராத்திரி, அன்றைக்கு யார் காலில் பந்து ஒட்டுகிறதோ அவர்கள்தான். கொச்சியில் அவர்கள் 3-2, இங்கே நாம் 1-0. மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்களுக்கு ஒரே ஆட்டம், தோற்றவன் வீட்டுக்கு என்ற முறை இந்த வருடம்தான் வந்திருக்கிறது. லீக் என்பது வருடம் பூராவும் செய்கிற வெள்ளாமை. இது ஒரு நாள் சந்தை. வெள்ளாமையில் நாம் நான்காவது, மும்பையைவிட 12 புள்ளி கீழே. சந்தையில் அன்றைக்கு நல்ல சரக்கு கொண்டுவந்தவனுக்கு விலை. இந்த முறை நம் மாதிரி தாமதமாக விழித்த அணிக்குத் தோதான முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் அநியாயம்கூட. மும்பைக்காரன் நம்மைத் திட்டினால் அதில் நியாயம் இருக்கிறது.

எனவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள், கடைக்காரரும் பிழைக்க வேண்டும். அந்த ‘சாம்பியன்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு சிவசக்தியின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் வெறுங்காலில் ஆடும் பையன்கள் ரவுண்டானாவைக் கடக்கும்போது பார்க்கட்டும், தமிழ் பேசுகிற ஒருவன் அங்கே கோல் அடிக்கிற ஒன்பதாம் நம்பர் வேலையைப் பார்க்கிறான் என்று. ஓரத்தில் ‘எட்டுக்கு எட்டு’ இருந்துவிட்டுப் போகட்டும். அது பொய் இல்லை. உங்கள் ஏழு முகங்களும் இருக்கட்டும், அந்தக் கேட்டை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள்.

இறுதி ஆட்டம் மார்ச் 18. ஜெயித்தால் மறுநாள் காலையில் பத்துக்கு ஆறு என்ன, இருபதுக்குப் பன்னிரண்டு அடிக்கலாம். பாதிப் பணம் நான் தருகிறேன், டீக்கடைக்காரரைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன். அந்தப் பழைய பிரியாணியையும் அன்றைக்கே தீர்த்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் ஏழரைக்கு. நாலு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று டிரைவர் சொல்வார், கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்கி சில்க் போர்டு தாண்டுவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். இரண்டு மணிக்கு வேன் நகர வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட கேரள ரசிகர்கள் பெங்களூருவிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், மைதானத்தில் அவர்களோடு வாய்ச்சண்டை வேண்டாம், பாட்டுக்குப் பாட்டு போதும். எனக்கு ஜன்னலோரம் ஒரு இடம் வைத்திருங்கள். கண்ணாடி மூடுகிற ஜன்னலாக இருக்கட்டும். ஸ்வெட்டர் இந்தத் தடவை எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிசம்பர் 23-லும் இருந்த உங்கள் அண்ணன்